மரக்காணத்துக்கு வராத சிவப்பு எஞ்சின்

மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் பிரம்மதேசம் வழியாகப் பஸ் பிடித்துத் திண்டிவனம் போக வேண்டும். ஆனாலும் உப்பளத்துக்குத் திரும்பும் சாலையில், மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் பின்னறையில், பல வருஷமாக ஒரு ரயில் ஓடுகிறது. அங்கே சுவரோடு கீல் வைத்து மடக்கிய பிளைவுட் பலகை ஒன்று இருக்கும். கடைக்காரர் சரவணகுமார் அதை இறக்கிப் போட்டால் அறை முழுவதும் தண்டவாளம்தான். நடுவில் நிற்க ஓர் ஆளுக்குத்தான் இடம்.

சரவணகுமாருக்கு நாற்பத்திரண்டு வயது. உப்புப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள்தான் அவருடைய பிழைப்பு. உப்புத் தண்ணீரோடு உறவாடும் மோட்டார் அதிக நாள் உழைக்காது. காயில் கருகிப்போன மோட்டார்களைச் சைக்கிளிலும் டிவிஎஸ்ஸிலும் கட்டி எடுத்து வருவார்கள். இவர் பழைய கம்பியைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருவார். எது எந்த முனை என்று அடையாளம் தெரிய, ஒவ்வொரு கம்பி முனையிலும் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று போட்டு வைப்பார். மற்ற கடைகளில் அதற்குச் சிவப்பு, பச்சை உறை மாட்டுவார்கள். இவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அது தெரியவந்ததே ரயில்வேயால்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு உதவி எஞ்சின் டிரைவர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினார். வீட்டில் கேசரி கிண்டினார்கள். பிறகு மருத்துவப் பரிசோதனையில் புள்ளிப் புள்ளியாக வண்ணம் போட்ட அட்டைகளைக் காட்டி, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்கள். இவருக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. சிக்னல் நிறம் தெரியாதவரை எஞ்சினில் ஏற்ற முடியாது என்று டாக்டர் தன்மையாகவே சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான் என்று சரவணகுமார் இன்றைக்கும் சொல்வார். ஆனால் அந்த வருஷம் முழுக்க அவர் திண்டிவனம் பக்கமே போகவில்லை.

ரயில் மறுபடி அவரைத் தேடி வந்தது வேறு வழியில். கீழ்புத்துப்பட்டு அருகே ஒரு ரிசார்ட்டில் நீச்சல் குளத்து மோட்டாரைச் சரிசெய்யப் போயிருந்தார். அங்கே இருந்த மேனேஜர், யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன பெட்டி ஒன்றைக் காட்டி, “இந்த பொம்ம ரயிலு ஓடல. சரியாச்சின்னா நீங்களே வச்சிக்குங்க” என்றார். அது பொம்மை இல்லை. நிஜ ரயிலை எண்பத்தேழு மடங்கு சுருக்கி, ஆணித் தலை முதல் கைப்பிடி வரை அப்படியே செய்த மாதிரி. உள்ளே கட்டைவிரல் அளவு மோட்டார் எரிந்து போயிருந்தது. தலைமுடி போன்ற கம்பியைத் தேடி வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அதற்கும் காயில் கட்டினார். மூன்று முறை அறுந்தது. நான்காவது முறை ஓடியது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் பின்னறைதான்.

மாதிரி ரயில் பிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தார். சென்னை, கொல்கத்தா, நாக்பூர் என்று எங்கெங்கோ இருந்தவர்கள். அவர்கள் வீட்டுத் தண்டவாளம் பளபளவென்று இருக்கும். இவருடையது இரண்டே நாளில் கறுத்துவிடும். மரக்காணத்துக் காற்றில் இருக்கும் உப்பு அப்படி. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத்தான் ஓட்ட முடியும்.

அவர் மனைவி ஜெயப்ரியா, வீட்டோடு சேர்ந்த அதே கடையின் முன்பக்கத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறார். ஆரம்பத்தில் இந்த ரயில் பைத்தியத்தைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடிக்காத மனுஷன், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருக்கிறான், அது போதும் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார்.

2021ஆம் வருஷம் கோயம்புத்தூரில் அரவிந்தன் என்பவர் நடத்தும் சின்ன நிறுவனம் ஒரு அறிவிப்பு போட்டது. நம் ஊர்த் தண்டவாளத்தில் ஓடும் சிவப்பு மின்சார எஞ்சினை மாதிரியாகச் செய்யப்போகிறோம், பாதிப் பணம் முன்பணமாகக் கட்டினால் அடுத்த தீபாவளிக்கு வீடு வந்து சேரும் என்று. திண்டிவனத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்த எஞ்சின். அது சிவப்பு என்பது ஊரார் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். இவருக்குப் பிடித்தது அதன் முகம். சப்பையான, கோபமே வராத ஒரு முகம். விலை பதினெட்டாயிரம். ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்த பணத்தில் பாதியைக் கட்டினார்.

அந்தத் தீபாவளி வந்தது. எஞ்சின் வரவில்லை. அச்சு வார்க்கும் சீனத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது என்று தகவல் வந்தது. அடுத்த வருஷம் தொழிற்சாலை திறந்தது, ஆனால் உள்ளே வைக்கும் சிப் கிடைக்கவில்லை. சிப் கிடைத்தபோது அச்சில் விரிசல். அச்சைச் சரிசெய்தபோது கப்பல் கூலி ஏறிவிட்டது, டாலரும் ஏறிவிட்டது. விலை இருபத்துநாலாயிரம் என்றார்கள். பிறகு முப்பதாயிரத்தைத் தொட்டது. வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. ஏமாற்றுக்காரன் என்று சிலர் எழுதினார்கள். சிலர் விலகிக்கொண்டார்கள். சரவணகுமார் எதுவும் எழுதவில்லை. வெயில் காலத்தில் கடையில் மோட்டார்கள் குவிந்து கிடக்கும்போது, “எப்போண்ணா தருவ?” என்று தினமும் வந்து நிற்பவர்களுக்கு அவரே பதில் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார். கம்பி வராவிட்டால் அவர் என்ன செய்வார்? அரவிந்தனும் அப்படித்தானே மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தார்.

“இன்னாங்க, உங்க எஞ்சின் நடந்தே வருதா?” என்று ஜெயப்ரியா கேட்பார்.

“வழில எங்கயோ சிக்னல் விழல போல” என்பார் இவர்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மரக்காணத்தின் மேலேயே ஏறியது. மழை நின்ற பிறகு பார்த்தால் உப்பளம் எது, கழுவெளிச் சதுப்பு எது என்று தெரியவில்லை. பாத்தி வரப்பெல்லாம் கரைந்து ஒரே தண்ணீர். விற்காமல் குவித்து, தென்னங்கீற்று போட்டு மூடி வைத்திருந்த உப்பு அப்படியே போய்விட்டது. கொட்டகைகளில் கழற்றி வைத்திருந்த மோட்டார்கள் சேற்றுக்குள். கடைக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் வந்திருந்தது. ஜெயப்ரியா தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றிப் பரண் மேல் வைத்துவிட்டிருந்தார். பின்னறைப் பலகை ஊறி, தாள் தாளாகப் பிரிந்து கிடந்தது. அடியில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த எஞ்சின்களும் பெட்டிகளும் சேறு குடித்திருந்தன. சரவணகுமார் ஒவ்வொன்றாக எடுத்து நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தார். ஒன்றும் பிழைக்கவில்லை. சக்கரங்களையும் கெட்டுப்போன குட்டி மோட்டார்களையும் மட்டும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

மறுவாரமே கடை வாசலில் மோட்டார்கள் வந்து விழ ஆரம்பித்தன. சின்னதாக ஒரு பங்கு உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கமலாம்பாள் முதல் ஆளாக வந்தார். ஐம்பத்தைந்து வயது, வெயிலில் கறுத்த மனுஷி.

“சரவணா, தை பொறந்தா பாத்தி கட்டணும். மோட்டாரு இல்லன்னா இந்த வருஷம் பூரா சும்மா குந்தினு இருக்கணும். என்கிட்ட இப்போ எதுவும் இல்லப்பா. உப்பு எடுத்ததும் தர்றேன்.”

“அக்கா, நீங்க தர்றது பிரச்சன இல்ல. கம்பி வாங்கணுமே. கடைக்காரன் கடன் தர மாட்டேன்றான்” என்றார் சரவணகுமார். செம்பு விலையும் அந்த வருஷம் ஏறிக் கிடந்தது. அவரிடம் இருந்ததெல்லாம் வீட்டைத் துப்புரவாக்கவே சரியாகிவிட்டது.

அந்த நாட்களில்தான் கோயம்புத்தூரிலிருந்து செய்தி வந்தது. எஞ்சின் தயார். படமும் அனுப்பியிருந்தார்கள். மிச்சப் பணத்தைக் கட்டினால் உடனே அனுப்பிவிடுவோம். புது விலை முப்பத்திரண்டாயிரம்.

சரவணகுமார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதே முகம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜெயப்ரியாவிடம் காட்டினார்.

“நல்லாத்தாங்க இருக்குது. ஆனா இன்னா பண்றது?” என்றார் அவர்.

“கேன்சல் பண்ணிடறேன். கட்டுன பணம் வருமான்னு தெரியல. கேட்டுப் பாப்போம்.”

போன் எடுத்தது அரவிந்தனே. சரவணகுமார் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். புயல், கடை, மோட்டார்கள் எல்லாவற்றையும். முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது.

அரவிந்தன் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “சார், மூணு வருசமா எல்லாரும் திட்டித்தான் எனக்கு மெசேஜ் போட்டாங்க. நீங்க ஒரு தடவகூட ஒண்ணும் கேக்கலீங்க. தாமதம் எங்க பக்கம். உங்க பணம் நாளைக்கே வந்துருமுங்க. எஞ்சின் வேணும்னு வரிசைல ஆள் நிக்கிறாங்க, அதைப் பத்தி யோசிக்காதீங்க” என்றார்.

சொன்னபடி மறுநாள் பணம் வந்தது. அன்றைக்கே சரவணகுமார் பாண்டிச்சேரிக்குப் போய்க் கம்பி வாங்கி வந்தார். அந்த மார்கழி முழுக்கக் கணவன் மனைவி இரண்டு பேரும் மோட்டார்களோடுதான் இருந்தார்கள். ஜெயப்ரியா தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை ஓரம் வைத்துவிட்டு, காயிலுக்குப் பருத்தி நாடா சுற்றிக் கட்டினார். தை பிறந்து வரப்பு போட ஆட்கள் இறங்கியபோது, கமலாம்பாளின் மோட்டார் முதலில் தண்ணீர் இறைத்தது. அடுத்தடுத்து மற்றவையும்.

ஒருநாள் சாப்பிடும்போது சரவணகுமார் சொன்னார்: “ஜெயா, யோசிச்சிப் பாரு. அவங்க சொன்ன தேதிக்கு எஞ்சின் வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? மத்ததோட அதுவும் சேத்துல போயிருக்கும். கம்பிக்கும் வழி இருந்திருக்காது. நல்லவேள, லேட் பண்ணாங்க.”

“போங்க, லேட் பண்ணதுக்குப் போயி யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா?” என்றார் ஜெயப்ரியா.

சரவணகுமார் உண்மையாகவே நன்றி சொன்னார். அரவிந்தனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். பின்னணியில் உப்பளத்து மோட்டார் ஓடும் சத்தத்தோடு, “சார், உங்க பணத்துலதான் இது ஓடுது” என்று.

பத்து நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. திறந்தால் எஞ்சினின் மேல்கூடு. வண்ணம் பூசாத, சாம்பல் நிற வெறும் கூடு. ஒரு மூலை லேசாகக் கோணியிருந்தது. அச்சில் வார்க்கும்போது பழுதாகி ஒதுக்கிய கூடு, விற்க முடியாது, வைத்துக்கொள்ளுங்கள் என்று அரவிந்தன் போனில் சொன்னார். சரவணகுமார் அதை உள்ளங்கையில் வைத்து, கோணிய மூலையை வெந்நீரில் காட்டி மெல்ல நிமிர்த்தினார். நிமிர்ந்தது.

மோட்டாரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. சேற்றில் போன பழைய மோட்டாரையே பிரித்துக் காயில் கட்டிக்கொள்ளலாம். சக்கரங்கள் டப்பாவில் இருந்தன. நிறம்தான் பிரச்சினை.

“சிவப்பு தானே? நான் அடிச்சித் தர்றேன்” என்றார் ஜெயப்ரியா.

“எந்தச் சிவப்பு?”

ஜெயப்ரியா தன் நூல் பெட்டியைத் திறந்து பார்த்தார். தக்காளிச் சிவப்பு, மிளகாய்ச் சிவப்பு, ரத்தச் சிவப்பு, செங்கல், மெரூன். ஒரு ஜாக்கெட் துணிக்கு நூல் ஒட்டவில்லை என்றால் அவருக்குத் தூக்கம் வராது. போனில் இருந்த படங்களைப் பார்த்தார். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு சிவப்பு.

“போன நம்ப முடியாது. நேர்ல பாக்கணும். வாங்க, திண்டிவனம் போவோம்.”

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர்கள் ரயிலைப் பார்ப்பதற்காக மட்டும் சேர்ந்து போனது அதுதான் முதல் முறை. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜெயப்ரியா ஒரு பையில் சிவப்பு நூல்கண்டுகளை எல்லாம் கொண்டுவந்திருந்தார். புளிசோறும் கட்டி வந்திருந்தார். முதலில் வந்த வண்டியை இழுத்தது வெள்ளை எஞ்சின். அடுத்ததும் வெள்ளை. மூன்றாவது நிற்காமல் போய்விட்டது.

“சிவப்பு எஞ்சின் இப்போல்லாம் கொறஞ்சிடுச்சி” என்றார் சரவணகுமார், தன் தப்பு போல.

“வரட்டும். எனக்கின்னா, காலாட்டிக்கினு குந்தியிருக்கேன். வீட்ல இருந்தா இதுக்குள்ள நாலு பேரு ஃபால்ஸ் அடிக்கக் கொண்டாந்திருப்பாங்க.”

புளிசோறு தீர்ந்த பிறகு, தூரத்தில் ஒரு வண்டி வந்தது. ஜெயப்ரியாதான் முதலில் பார்த்தார். “அதோ, சிவப்பு!” என்று எழுந்து ஓடினார். எஞ்சின் பிளாட்பாரத்தின் முனையில் போய் நின்றது. இரண்டு பேரும் மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஜெயப்ரியா நூல்கண்டை ஒவ்வொன்றாக எடுத்து, கை நீட்டி எஞ்சினுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

ஜன்னலில் இருந்த டிரைவர் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா பண்றீங்க?”

“உங்க எஞ்சினுக்கு நூல் பாக்குறேன் சார்.”

“எதுக்கு, கிழிஞ்சி போயிருக்கா?”

சரவணகுமார் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். டிரைவர் தலையை வெளியே நீட்டித் தன் எஞ்சினைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். “மேல எல்லாம் வெயில்ல வெளுத்திருக்கும்மா. கதவுக்குக் கீழ பாருங்க, அங்கதான் ஒரிஜினல் கலர் இருக்குது” என்றார். ஜெயப்ரியா கதவுக்குக் கீழே பார்த்தார். மிளகாய்ச் சிவப்புக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருந்த ஒரு கண்டு சரியாகப் பொருந்தியது. ஹாரன் அடித்தது. டிரைவர் கை காட்டிக்கொண்டே போனார்.

சரவணகுமார் அந்த நூல்கண்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அது வழக்கம்போல மண் நிறமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஓடிப்போகும் எஞ்சினும் கையிலிருக்கும் கண்டும் ஒரே நிறம் என்று தெரிந்தது. அது போதுமாக இருந்தது. ஏனோ கண் கலங்கியது. ஜெயப்ரியா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல மிச்சக் கண்டுகளைப் பையில் எடுத்துப் போட்டார்.

பாண்டிச்சேரியில் காருக்குப் பெயின்ட் கலந்து தரும் கடையில் அந்த நூலைக் கொடுத்தபோது, கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நூலப் பாத்து கலக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா” என்றார். ஜெயப்ரியா விடவில்லை. இரண்டு முறை சரியில்லை என்று திருப்பிக் கொடுத்து, மூன்றாவது முறைதான் வாங்கினார். கூட்டுக்கு வண்ணம் பூசியதும் வெள்ளைப் பட்டை இழுத்ததும் அவர்தான். பட்டை ஓரிடத்தில் கொஞ்சம் வளைந்துவிட்டது. “அழிச்சிட்டு மறுபடி போடட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றார் சரவணகுமார்.

புதுப் பலகை போட்டு, சித்திரை மாதத்தில் எஞ்சின் ஓடியது. அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார். அரவிந்தனிடம் வாங்கிய எஞ்சின்களில் சிலவற்றுக்கு அதற்குள்ளேயே மோட்டார் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. மாற்று மோட்டார் வெளிநாட்டிலிருந்து வர ஆறு மாதமாகும், விலையும் எக்கச்சக்கம் என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். வீடியோவைப் பார்த்த நாக்பூர்க்காரர் ஒருவர், உங்கள் மோட்டார் யார் செய்தது என்று கேட்டார். நான்தான் காயில் கட்டினேன் என்று இவர் எழுதினார். இப்போது மாதத்துக்கு நாலைந்து பார்சல்கள் மரக்காணத்துக்கு வருகின்றன. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் ஒரு குட்டி மோட்டார். ஒரு பக்கம் ஐந்து குதிரைச் சக்தி உப்பள மோட்டார், மறுபக்கம் இது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிவதில்லை. முடியாததை முடியாது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். ஓட ஆரம்பித்ததும் அவரவர் வீட்டிலிருந்து வீடியோ அனுப்புகிறார்கள். அதைச் சாப்பாட்டு நேரத்தில் ஜெயப்ரியாவோடு உட்கார்ந்து பார்ப்பார்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரவிந்தனே வந்தார். பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், கையோடு இங்கேயும் வந்து இறங்கினார். அவர் ஏதோ பெரிய முதலாளி என்று நினைத்திருந்தார்கள். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும், முன்தலை நரைத்த மனிதர். கமலாம்பாள் கேள்விப்பட்டு ஒரு கூடை வஞ்சிரம் அனுப்பியிருந்தார். “நம்ம மோட்டாருக்குக் கம்பி குடுத்தவரு” என்றுதான் சொல்லி அனுப்பினாராம். அரவிந்தன் பின்னறையில் நின்று எஞ்சின் இரண்டு சுற்று சுற்றுவதைப் பார்த்தார். குனிந்து நிறத்தைப் பார்த்தார்.

“சார், எங்க ஃபேக்டரில அடிச்சது இவ்வளவு சரியா வரலீங்க. கொஞ்சம் ஆரஞ்சு அடிச்சிருச்சு” என்றார்.

“மேடத்த கேளுங்க” என்றார் சரவணகுமார், ஜெயப்ரியாவைக் காட்டி.

சாப்பாடு முடிந்ததும் அரவிந்தன் போனில் புதிதாகச் செய்யப்போகும் பெட்டிகளின் படங்களைக் காட்டினார். விலை மறுபடி ஏறுகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னார். தூங்கும் பெட்டி, ஏசி பெட்டி என்று ஒவ்வொன்றாக நகர்த்தியபோது ஜெயப்ரியா எட்டிப் பார்த்தார்.

“இது இன்னாதுங்க, ஜன்னலுக்குப் பதிலா கம்பி வலை போட்டிருக்குது?”

“சமையல் பெட்டிங்க. ரயில்ல டீ, பிரியாணி எல்லாம் இதுலதான் செய்வாங்க.”

“உள்ள அடுப்பெல்லாம் இருக்குமா?”

“இருக்குமுங்க. பாத்திரம்கூட வைக்கிறோம்.”

ஜெயப்ரியா எழுந்து முன்பக்கம் போனார். தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து பணத்தை எடுத்து வந்து அரவிந்தன் முன்னால் வைத்தார். “எனக்கு அதுல ஒண்ணு எழுதிக்குங்க. என் பேர்ல.”

“அக்கா, அடுத்த தீபாவளின்னு சொல்றேன், ஆனா…” என்று இழுத்தார் அரவிந்தன்.

“எப்போ வேணா வரட்டும்ங்க. நாங்க எங்க போகப் போறோம்?”

அந்தப் பெட்டி இன்னும் வரவில்லை. அச்சு வேலை நடப்பதாகப் போன வாரம் அரவிந்தன் சொன்னார். ஜெயப்ரியா இப்போதே அதன் கம்பி வலைக்கு உள்பக்கம் தொங்கவிட ஒரு விரல்நுனி அளவுக்குத் திரைச்சீலை தைத்து வைத்திருக்கிறார். சமையல் பெட்டிக்குத் திரை கிடையாது என்று சரவணகுமார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “ஏன், தெர போட்டா புகை வெளிய போகாதா?” என்று மட்டும் ஜெயப்ரியா கேட்டார்.